சக்கரம் தாண்டாத சக்கரவர்த்தி

சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவர் ஒரு நாகரிகத்தை ஆரம்பிப்பார். 'சிவிலைசேஷன் 6' என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தில். மேப் எது? இருப்பதிலேயே பெரியது. வேகம் எது? மாரத்தான். சாதாரண வேகத்தில் 500 டர்ன் ஓடுகிற ஆட்டம் இதில் 1,500 டர்ன். "அப்பத்தான் சரித்திரம் சரித்திரமா இருக்கும்" என்பார். கி.மு. 4000-இல் ஆற்றோரமாக ஒரு தலைநகரம் எழும். காடு மேடெல்லாம் ஆள் அனுப்பி வழி பார்ப்பார். ஞாயிறு விடியும்போது அவருடைய ஜனங்கள் சக்கரத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

அத்தோடு சரி. அடுத்த சனிக்கிழமை வேறொரு தேசம், வேறொரு ஆறு, மறுபடி கி.மு. 4000. இத்தனை வருஷ ஆட்சியில் அவருடைய குடிமக்களில் ஒருவர்கூட ரயிலைப் பார்த்ததில்லை.

இந்த ஆசாமி ஓர் ஊருக்குச் சொந்தமானவர் அல்ல. 1958-இல் பால்டிமோரின் அவலான் ஹில் கம்பெனி கெட்டிஸ்பர்க் யுத்தத்தை அட்டைப் பெட்டியில் போட்டு விற்றதே, அந்தக் காலத்திலிருந்து இவருடைய வம்சம் தழைத்து வருகிறது. பெட்டி பெருக்கப் பெருக்க இவருக்கு ஆசையும் பெருகும். ஆடி முடித்தாரா என்று கேட்பது மட்டும் நாகரிகமில்லை.

அவருடைய அலமாரியில் மேல்தட்டு முழுக்க ஒரே பெட்டிக்கு. 'தி கேம்பெயின் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா', ரிச்சர்ட் பெர்க் வடிவமைத்து 1979-இல் எஸ்.பி.ஐ. வெளியிட்டது. விரித்தால் மேப் மட்டும் சுமார் பத்தடி. பக்கத்துக்கு ஐந்து பேர் வீதம் பத்துப் பேர் உட்கார வேண்டும். ஆடி முடிக்க 1,500 மணி நேரம் ஆகும் என்று கணக்கு. பாலைவனத்தில் ஆவியாகிப்போகும் பெட்ரோலுக்கும் அதில் விதி உண்டு; இத்தாலியச் சிப்பாய்களுக்குப் பாஸ்தா வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் தர வேண்டும் என்பது இன்னொரு விதி. அந்தப் பாஸ்தா சும்மா கிண்டலுக்குச் சேர்த்தது என்று பெர்க்கே பிற்பாடு ஒப்புக்கொண்டார். நம்மவர் ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர்க் கணக்குக்குத் தனி நோட்டே போட்டிருக்கிறார்.

ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால் 500 வாரம், அதாவது ஒன்பதரை வருஷத்துக்கு மேல். ரொம்மலும் மாண்ட்கமரியும் மற்றவர்களும் சேர்ந்து நிஜமாகவே வட ஆப்பிரிக்காவில் அடித்துக்கொண்டது 1940 ஜூன் முதல் 1943 மே வரை, மூன்று வருஷம்கூட இல்லை.

அவரைச் சோம்பேறி என்று தள்ளிவிட முடியாது. கோளாறில் பாதி ஆட்டங்களுடையது. சிவிலைசேஷனில் முதல் டர்னுக்கு வேலை இரண்டு நிமிஷம், இருநூறாவது டர்னுக்கு அரைமணி. முப்பது நகரமும் 'அடுத்து என்ன கட்டட்டும்?' என்று வரிசையில் நிற்கும். யார் ஜெயிப்பார் என்பது அதற்குள் தெரிந்துபோயிருக்கும். மிச்சமிருப்பது குமாஸ்தா வேலை. யுத்த ஆட்டங்களில் இது தலைகீழ். கேரி கிரிக்ஸ்பியின் 'வார் இன் தி ஈஸ்ட்' 1941 ஜூன் 22-இல் தொடங்குகிறது, ஒரு டர்ன் ஒரு வாரம். பால்டிக் கடலிலிருந்து கருங்கடல் வரை நிற்கிற அத்தனை படைகளையும் முதல் டர்னிலேயே நகர்த்தியாக வேண்டும். ஒன்றில் நடுவழியில் மூச்சு வாங்கும். மற்றொன்றில் வாசற்படியிலேயே.

இருந்தாலும் அவர் மனசு முழுக்க ஒரே ஆட்டத்தில்தான். 'வார் இன் தி பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்', 2009-இல் வந்தது. பெரிய சினாரியோவில் ஒரு டர்ன் ஒரு நாள். 1941 டிசம்பர் 7-லிருந்து ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்ட 1945 செப்டம்பர் 2 வரை எண்ணினால் 1,365 நாள். எதிராளியுடன் ஈமெயிலில் தினம் ஒரு டர்ன் மாற்றிக்கொண்டால் ஆட்டமும் யுத்தம் நடந்த அதே வேகத்தில் நடக்கும்.

"என்னங்க, இன்னுமா சண்டை முடியல?"

"1942 ஏப்ரல் வந்தாச்சு."

அந்த ஏப்ரலில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஐந்தாம் தேதி கொழும்பிலும் ஒன்பதாம் தேதி திருகோணமலையிலும் ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானங்கள் குண்டு போட்டன. ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னைவாசிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். இந்த ஆட்டத்தின் மேப்பில் சென்னையும் ஓர் அறுகோணக் கட்டம்தான். ஒரு கட்டத்துக்கு 40 கடல் மைல், செங்கல்பட்டே உள்ளே அடங்கிவிடுகிற அளவு. நம்மவர் நேச நாட்டுத் தளபதி. திருகோணமலையில் நிற்கிற கப்பல்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நகர்த்தியே ராத்திரி ஒரு மணி ஆகிவிடும்.

ஏப்ரலைத் தாண்டுவதுதான் நடப்பதில்லை. ஓர் எதிராளிக்குக் குழந்தை பிறந்தது. ஆட்டத்தில் அது சிங்கப்பூர் விழுந்த வாரம். ஜப்பான் தரப்பிலிருந்து மெயில் நின்றது. இன்னொருவர் வேலை மாறினார். ஒருமுறை புது பேட்ச் வந்தது, "முதல்லேருந்து ஆடினாத்தான் சுத்தமா இருக்கும்" என்று இவரே அழித்தார். ஒவ்வொரு தடவையும் மறுபடி பேர்ல் ஹார்பர். இவருடைய போர்க்கப்பல்கள் மறுபடி தீப்பிடித்து எரியும். முதல் ஆறு மாதம் நேச நாடுகளுக்கு அடிக்குமேல் அடி, அலை திரும்பியது ஜூனில் மிட்வேயில். இவரோ ஜூனையே பார்க்காதவர். இத்தனை வருஷமாக இரண்டாம் உலகப் போரில் தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரே நேச நாட்டுத் தளபதி அநேகமாக இவர்தான்.

அக்கா பையன் ஒருநாள் லேப்டாப்போடு வந்தான். "மாமா, ஒரே ஒரு சின்ன சினாரியோ." குரோவேஷியாவின் 2x2 கேம்ஸ் 2011-இல் வெளியிட்ட 'யூனிட்டி ஆஃப் கமாண்ட்', ஸ்டாலின்கிராட் களம். கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய டர்ன்கள். கெடுவுக்குள் ஊரைப் பிடித்தாக வேண்டும், சப்ளை அறுந்தால் முன்னால் போன டாங்க் நின்றபடியே நிற்கும். மாமா முதல் மூன்று டர்னில் பின்வரிசையை ஒழுங்கு பண்ணினார். நாலாவதில் மேப்பின் அழகைப் பாராட்டினார். ஆட்டம் முடிந்துவிட்டது.

"இது ஆட்டமே இல்லடா, ட்ரெயிலர்" என்று எழுந்துபோனார். பையன் சொன்னதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது: சின்ன சினாரியோவில் ஒரு டர்னைக்கூட வீணடிக்க முடியாது, அதனால் அதுதான் கஷ்டம். மாமாவின் 1,365-இல் நூறை வீணடித்தாலும் கேட்பாரில்லை. ஆனால் கொழும்பைக் காப்பாற்றிய ராத்திரி அந்த மனிதர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பையன் பார்த்ததில்லை.

போன வாரம் மறுபடி மெயில் நின்றுவிட்டது. வாசகர்களில் யாருக்காவது தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் வீதம் நாலு வருஷம் ஒதுக்க முடியுமானால் சொல்லியனுப்புங்கள். ஜப்பான் தரப்பு காலியாக இருக்கிறது.