பேனரைப் பெருசாவே அடி, பேராண்டி

வாடா பேராண்டி. மெட்ராஸ்லேர்ந்து வந்ததும் வராததுமா நம்ம கூலிக்கார சனங்க பசியைப் போக்கக் கிளம்பிட்டியாமே. சந்தோஷம். ஆளுக்கு அஞ்சு கிலோ அரிசிப் பையாமே? திருவாரூர் ஜில்லாவுல, நாத்து நட்டு களை பறிச்சவளுக்கே அரிசி! கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போறவன்கூட ஒரு நிமிஷம் யோசிப்பான். நீ லாரியே புடிச்சிட்ட.

அரிசிக்கு இங்க பெரிய தட்டுப்பாடு இல்லடா. 2011லேர்ந்து ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது. பொங்கிடலாம். தொட்டுக்க என்ன? அதுக்கு உன் பையில ஒண்ணையும் காணும். ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25. மலிவுதான், மறுக்கல. அந்த ஒரு கிலோ பருப்பை மாசம் பூரா அஞ்சு வாய்க்கு ஓட்டுறவ சாமர்த்தியத்தைப் பாக்கணுமா? பொழுது சாய எதிர்வீட்டு அடுப்படியை எட்டிப் பாரு. ஒரு கைப்பிடி வேகும். தெளிஞ்ச தண்ணி ரசத்துக்கு, மசிஞ்சது புள்ளைங்களுக்கு, சட்டியை வழிச்சது புருஷனுக்கு. அவளுக்கு உப்பும் பச்சமிளகாயும். "சாப்டியாத்தா"ன்னு கேளு, "ஆச்சு தாத்தா"ம்பா. கணக்கெடுக்க வர்ற பசங்களும் அதையே எழுதிக்கிட்டு வண்டியேறிடுறாங்க.

முன்னாடி வயக்காடே பாதிச் சோறு போட்டுச்சு. வரப்புல கீரை, வாய்க்கால்ல கெண்டை, சேத்துல நண்டு, நத்தை. அறுப்பு முடிஞ்சா உதிர்ந்த கதிர் பொறுக்குவோம், எலி வளையை வெட்டினாக்கூட நெல்லு வரும். கூலியும் நெல்லாவே அளந்தாங்க. இப்ப மருந்தடிச்சு வாய்க்கா சுத்தம், மிஷின் வந்து களத்துமேடும் சுத்தம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில வேலையும் இல்ல, மடியில காசும் இல்ல. உன் லாரி எப்ப வருது? தையில, பொங்கலுக்கு. நாலு காசு புழங்குற ஒரே மாசம் பாத்து வருது. வீட்ல காலண்டர் இருக்குல்ல?

பசின்னு ஊர் கூடினது இந்த மண்ணுக்குப் புதுசில்ல. செங்கொடிச் சங்கத்துல சேந்து, கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் குடுங்கன்னு கேட்டாங்க. அதுக்கு, 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில பண்ணையாருங்க ஆளுங்க 44 பேரைக் குடிசையோட கொளுத்துனாங்க. மறுவருஷம் நியாயக் கூலிச் சட்டம் வந்துச்சு. வெண்மணி விஷயத்துல நக்கலடிக்க எனக்கு நாக்கு வராது. பிற்பாடு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா, 1981ல லாஃப்டின்னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சு, நிலத்தை வாங்கி, நிலமில்லாத பொம்பளைங்க பேர்ல எழுதி வச்சாங்க. பையில தன் படத்தை அச்சடிக்கணும்னு அந்தம்மாவுக்குத் தோணல, பாவம்.

என் சின்ன மருமவன் அறுப்பு மிஷின் ஓட்ட தெலங்கானா பக்கம் போனான். (நம்ம வேலையைத் தின்ன மிஷின்தான், என்ன பண்றது.) ஜகீராபாத் பக்கத்துச் சேதி ஒண்ணு கொண்டாந்தான். அங்க தலித் பொம்பளைங்க டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியோட சேந்து சங்கம் வச்சிருக்காங்க. தொண்ணூறுகள்ல, தரிசாக் கிடந்த துண்டு நிலத்தைத் திருத்தக் கடன் குடுத்தாங்களாம். பணமாத் திருப்ப வேண்டாம், சோளமா அளந்துடுன்னாங்களாம். அது அந்தந்த ஊர்லயே சேந்து கிடக்கும். வேலையில்லாத மாசத்துல இல்லாதவளுக்குக் கம்மி விலைக்குப் போகும். யாரு இல்லாதவன்னு சொல்ல ஆபீசர் வரல. ஊரே ஒக்காந்து வீடு வீடா எண்ணி, இவ ரொம்ப இல்லாதவ, இவ கொஞ்சம் தேவலைன்னு தரம் பிரிச்சுச்சு. எல்லார் முன்னாடியும் மச்சு வீட்டுக்காரி நானும் ஏழைன்னு கை தூக்க முடியுமா? பக்கத்து வீட்டுக்காரி சிரிச்சே கொன்னுடுவா.

உன் லிஸ்ட்டை எழுதுனது யாரு? பெரிய பண்ணை வீட்டுக் கணக்குப்புள்ளயாமே. மொதப் பேரு பண்ணையோட டிராக்டர் டிரைவர், ரெண்டாவது டிரைவரோட மச்சான். தெக்குத் தெரு ஒத்தக் கிழவி பேரு எங்கடான்னு தேடுறேன், ஆப்டல.

அதனால பேனரைப் பெருசாவே அடி, எனக்கென்ன. அரிசியை இறக்கிட்டு, அந்தக் காசுக்குப் பருப்பும் கடலையும் எண்ணெயும் வாங்கு. ஐப்பசியில கொண்டா. அறுப்பு மாசத்துல ஆளுக்குக் கொஞ்சமாத் திருப்பிப் போடட்டும், அடுத்த மழைக்கு அதுவே பருப்பாகும். நோட்டும் சாவியும் மகளிர் குழுகிட்ட இருக்கட்டும். பண்ணையார் வேற உன் பேனர்ல நட்டநடுவுல கையெடுத்துக் கும்பிடுறாரே, கூலியை எப்பய்யா கூட்டுவீங்கன்னு மேடையிலயே கேட்டுடு. பக்கத்துலதான நிப்ப, மைக்கும் கையில இருக்கும்.

ஞாயித்துக்கிழமை குழுக் கூட்டம் இருக்கு, வா. ராத்திரி எட்டுக்கு மேலதான். நடவு முடிஞ்சு வந்து, குளிச்சு, உலை வச்சு, புள்ளைங்களுக்குப் போட்டுட்டுத்தான் அவளுங்க ஒக்காருவாளுங்க. போட்டோவுக்கு வெளிச்சம் பத்தாது, அதுக்கு நான் பொறுப்பில்ல.