வெயில் எந்தக் கரையில்?

கேள்வி: இலங்கைக் கடற்கரையில் நாலு நாள் வெயில் காய ஆசை. எந்த மாதம் போகலாம்? (வாசகர், மதுரை)

பதில்: மதுரையிலிருந்து வெயிலைத் தேடிப் போகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்! மாதத்தை நீங்கள் சொல்லுங்கள், கரையை நான் சொல்கிறேன். டிசம்பர் முதல் மார்ச் வரை என்றால் தெற்கே காலி, மிரிஸ்ஸ. மே முதல் செப்டம்பர் வரை என்றால் கிழக்கே நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பை. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை நடுவே நிற்கும் மலைநாடு வாங்கிக்கொள்ளும். காலியில் குடை விரிக்கும் நாளில் நிலாவெளியில் மணல் காலைச் சுடும். வடகிழக்குக் காற்று வந்தால் கதை தலைகீழ். அக்டோபர், நவம்பரில் பொதுவாக இரு கரையிலும் மழை. அந்த மாதங்களில் டிக்கெட் மலிவாகக் கிடைத்தால், பிடிக்காத உறவினருக்கு எடுத்துக் கொடுங்கள்.