பச்சை விளக்கு எரிகிறது, பிறகென்ன சோதனை?

எர்ணாகுளம் பிராட்வேயில் கடைகளுக்கு நெட்வொர்க் பார்த்துக் கொடுப்பவர்களுக்கான கையேடு இது. துணிக்கட்டுகளுக்கும் பிளாஸ்டிக் குடங்களுக்கும் மேலே, பரணில், ஒரு சுவிட்ச் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். பில் போடுவது, கார்டு தேய்ப்பது, கேமரா எல்லாம் அதன் வழியாகத்தான். அதன் மெமரி பழுதா என்று பார்க்கும் ஆசை வந்தால், கீழ்க்கண்டபடி செய்யவும்.

1. விளக்கைப் பாருங்கள். பச்சையாக எரிந்தால் சோதனை முடிந்தது. "லைட் கத்துன்னுண்டல்லோ" (லைட் எரிகிறதே) என்று முதலாளியே சான்றிதழ் கொடுத்துவிடுவார். சிஸ்கோ நிறுவனத்துக்கு இந்தத் தெளிவு இல்லை. 2005 முதல் 2010 வரை தயாரான தன் கருவிகள் சிலவற்றில், ஒரே சப்ளையரிடம் வாங்கிய மெமரி சிப்புகள் கோளாறானவை என்று 2014இல் அறிவித்தது. ஓடும்வரை ஒழுங்காக ஓடும். அணைத்துப் போட்டால் எழாமல் போகலாம். அதற்காக 65.5 கோடி டாலரை ஒதுக்கியும் வைத்தது. பாவம், விளக்கைப் பார்த்திருக்கலாம்.

2. ஆகவே நீங்களாக அணைக்காதீர்கள். அதற்கு மின்வெட்டு இருக்கிறது. யுபிஎஸ் பேட்டரியை மட்டும் மாற்றாமல் வைத்திருங்கள். திருவோணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தன்று சாயங்காலம், ஓணக்கோடி வாங்க வந்த கூட்டத்தில் கடைக்குள் கால் வைக்க இடமில்லாத நேரமாகப் பார்த்து மின்சாரம் போய்த் திரும்பும். சோதனை இலவசம். முடிவை ஊரே கூடி நின்று பார்க்கும்.

3. லாகில் 'பேரிட்டி எரர்' தெரிந்தால் வானத்தைக் கைகாட்டுங்கள். இது முழுப் பொய்யுமல்ல. சிப்பின் உறையிலிருந்து கிளம்பும் ஆல்ஃபா துகள்கூட ஒரு பிட்டைப் புரட்டிவிடும் என்று 1970களின் இறுதியில் இன்டெல் பொறியாளர்கள் காட்டினார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்களுக்கும் அந்தக் குணம் உண்டு. அப்படிப் புரண்ட பிட், மறுபடி எழுதினால் சரியாகிவிடும். அதே மாட்யூலில் திரும்பத் திரும்ப வந்தால்தான் சிப்பின் மேல் சந்தேகப்பட வேண்டும். எனவே தேதியை எங்கும் குறித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் முதல் தடவையாகவே இருக்கும்.

4. சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 6500 போன்ற பெரிய சுவிட்ச் என்றால், 'ஷோ டயக்னாஸ்டிக் ரிசல்ட்' என்று அடித்தால் பட்டியல் வரும். புள்ளி இருந்தால் பாஸ், 'எஃப்' என்றால் ஃபெயில், 'யு' என்றால் சோதிக்கவே இல்லை. விரிவான மெமரி சோதனையை நாமாகக் கேட்டால்தான் ஓட்டும். கேட்காதவரை அந்த வரியில் 'யு'தான். எண்ணிப் பார்த்துவிட்டு, "எதுவும் ஃபெயில் ஆகவில்லை" என்று அறிக்கை எழுதுங்கள். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

5. ஓட்டியே தீர வேண்டுமென்றால், கடை நேரத்தில், சுவிட்சின் மூளையான சூப்பர்வைசர் மாட்யூலிலிருந்து தொடங்குங்கள். சிஸ்கோவின் கையேடு தலைகீழாகச் சொல்லும்: லைன் கார்டுகள் முதலில், சூப்பர்வைசர் கடைசியில், மெமரி சோதனைகளை மற்றச் சோதனைகளுக்குப் பிறகு வைக்கவும், அவை ஓடும்போது அந்த மாட்யூலில் டிராஃபிக் போகாது, முடிந்ததும் ரீசெட் செய்யவும். எழுதியவர்கள் பிராட்வேயில் வியாபாரம் பார்த்ததில்லை.

6. கான்ஃபிகரேஷனை நகல் எடுக்காதீர்கள். மாற்று மாட்யூலும் வேண்டாம். பென்டா மேனகா கூப்பிடு தூரத்தில்தானே இருக்கிறது! செல்போனுக்குப் பேர்போன அந்தக் கடைகளில் 2008ஆம் வருடத்து சூப்பர்வைசர் கார்டு கேட்டுப் பாருங்கள். டெம்பர்டு கிளாஸ் ஒட்டித் தருவார்கள்.

7. இவ்வளவு சொல்லியும் கேளாத பிடிவாதக்காரர்கள் சிலர் உண்டு. கடை அடைத்த பிறகு வருவார்கள். கான்ஃபிகரேஷனை லேப்டாப்பில் இறக்கி, கன்சோல் கேபிளை மாட்டி, மாற்று மாட்யூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுச் சோதனையையும் ஓட்டி, தாங்களே ரீபூட் செய்வார்கள். எழாவிட்டால் மாற்றைச் செருகிவிட்டுக் கடைசிப் படகுக்கு ஓடுவார்கள். மறுநாள் காலையில் வழக்கம்போல் பில் ஓடும். ஒன்றுமே நடக்காத வேலைக்குக் காசு கொடுக்கும் முதலாளி எந்த ஊரிலும் கிடையாது. அந்த வழியில் போகிறவர்கள் கூலியை முன்பணமாக வாங்கிவிடவும்.