வீட்டு நாயின் அகமும் புறமும்: ஒரு திணைநிலை ஆய்வு

வீட்டு நாயின் நடத்தைக் கோளாறுகளைக் கால்நடை மருத்துவமும் நடத்தையியலும் தத்தம் முறையில் வகைப்படுத்தியிருக்க, திணைக் கோட்பாட்டையே கைவசம் வைத்திருக்கும் தமிழாய்வுலகம் இப்பொருளில் வாளாவிருப்பது பெருங்குறையாகும். நடத்தைக் கோளாறு என்பது, நாய்க்கு இயல்பாகவும் வீட்டாருக்கு இடையூறாகவும் அமையும் செயல் என இங்கு வரையறுக்கப்படுகிறது. இதில் முறையிடுவோர் எப்போதும் மனிதராகவே இருப்பதும், நாய்த்தரப்பு வாக்குமூலம் எங்கும் பதிவாகாததும் ஆய்வாளர் மனங்கொள்ளத்தக்கன.

குறிஞ்சியின் உரிப்பொருள், அதாவது அத்திணைக்கே உரிய ஒழுக்கம், புணர்தல். மாலையில் வீடு திரும்புபவர்மீது பாய்ந்து, வெளுத்த வேட்டியில் சேற்றுத்தடம் பதிக்கும் செயல் இதன்பாற்படும். குட்டிகள் பெரிய நாயின் வாயை நக்கி வரவேற்கும் வழக்கமே இதன் வேர். மனிதரின் வாய் உயரத்தில் இருப்பதால் பாய்ச்சல் தேவைப்படுகிறது. கையால் தள்ளுவதை நாய் விளையாட்டாகவே கொள்ளுமாதலின், முகத்தைத் திருப்பி நின்று, நான்கு கால்களும் தரையில் பட்டபின் மட்டுமே தடவிக்கொடுப்பது தீர்வாகும்.

முல்லைக்குரிய இருத்தல், அதாவது நம்பிக்கையோடு காத்திருத்தல், சாப்பாட்டு மேசையின் அடியில் நிகழ்கிறது. பாட்டி நாள்தோறும் அப்பளத்தில் பாதியைக் கீழே நழுவவிடுபவர். அப்பா கண்டிப்பானவர், ஆயினும் என்றைக்கேனும் மனமிரங்குபவர். எப்போதும் கிடைக்கும் பரிசைக் காட்டிலும் எப்போதேனும் கிடைக்கும் பரிசால் வேரூன்றிய பழக்கமே அழிவதற்கு நெடுநாள் எடுக்கும் என்பது, எலிகளையும் புறாக்களையும் கொண்டு அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் ஆராய்ந்த பொருளாகும். ஆகவே இக்கோளாற்றின் முதற்காரணர் பாட்டியல்லர், அப்பாவே. ஈகையை அடியோடு நிறுத்தினால் கெஞ்சல் முதலில் கூடிப் பின்னரே குறையும். பெரும்பாலான குடும்பங்கள் அது கூடும் நாளிலேயே தோற்று, 'இன்னைக்கு மட்டும்' என்று இட்டுவிடுவதால், உரக்கக் கெஞ்சினால் கிடைக்கும் என்ற புதுப்பாடமும் நாய்க்குக் கற்பிக்கப்படுகிறது. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்குமாதலின், சாம்பார் சாதம் இடுவது ஈகையிலும் சேராது.

பொருள்வயிற் பிரிவு பாலைக்குரியது; அக்காலத் தலைவன் சுரம் கடந்தான், இக்காலத் தலைவன் இருசக்கர வாகனத்தில் அலுவலகம் செல்கிறான் என்பதே வேறுபாடு. ஆளில்லா வீட்டில் ஊளையிடுதல், கதவின் விளிம்பைக் கடித்தல், நன்கு பழகிய நாயே வீட்டுக்குள் சிறுநீர் கழித்தல் ஆகியன பிரிவுப் பதற்றம் எனப்படும். இது பழிவாங்கலன்று, அச்சமே. செரிமானத்தை ஆராய்ந்து 1904-இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ், உணவோடு சேர்ந்து கேட்டுப் பழகிய ஒலிக்கே நாயின் வாயில் எச்சில் ஊறக் கண்டார். அவ்வாறே சாவிக்கொத்தின் ஒலியும் பிரிவோடு இணைந்து, ஆள் கிளம்புமுன்பே நாயை நடுங்கவைக்கிறது. சாவியை எடுத்துவிட்டு மீண்டும் நாற்காலியில் அமர்தல், ஒரு நிமிடம் வெளியே சென்று திரும்புதல், அதனைச் சிறுகச் சிறுக நீட்டித்தல் என்பன இதற்கு மருந்து. இவ்வாறு பத்து முறை வாசலுக்குப் போய்த் திரும்பும் தலைவனைப் பக்கத்து வீட்டார் எத்திணையில் வைப்பர் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மருதத்தின் ஊடல் செருப்பில் தொடங்குகிறது. 28 பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும் பருவத்தில் குட்டி எதையேனும் கடித்தே தீரும். கடிக்கத்தக்கதை வீட்டார் தராவிடில் தானே தேர்ந்துகொள்ளும். திட்டப்படும்போது காதை மடக்கிப் பார்வையைத் தாழ்த்தும் அதன் முகத்தைக் குற்றவுணர்வின் சான்றாகக் கொள்வது மரபு. ஆயினும் நாய் நடத்தை ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, தவறே செய்யாத நாயும் திட்டினால் அம்முகத்தையே காட்டும் என நிறுவியமையால், அதனை ஒப்புதல் வாக்குமூலமாக ஏற்பதற்கில்லை.

நெய்தலின் இரங்கல் தீபாவளியன்று, அத்திணைக்குரிய எற்பாட்டில், அதாவது பொழுது சாயும் வேளையில், கட்டிலின் அடியிலிருந்து கேட்கும். வெடிக்கு அஞ்சும் நாயை அணைத்து ஆற்றினால் அச்சம் வளரும் என்பது பிழையான நம்பிக்கை. சன்னல் அடைத்த அறையும், தொலைக்காட்சியின் ஒலியும், தேவையெனில் மருத்துவரிடம் முன்கூட்டியே பெற்ற மருந்தும் உதவும்.

இனிப் புறம். புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாக வகுத்த நொச்சி, மதில் காத்தலைக் கூறுவது. கூரியர் இளைஞர் வாயிற்கதவை அணுகியதும் நாய் குரைக்கிறது. அவர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்கு விரைகிறார். வேலை முடிந்ததால் அவர் சென்றார் என்பதை அறியாத நாய், தன் குரைப்புக்கு அஞ்சியே பகைவன் புறங்காட்டினான் என முடிவுகட்டி, நொச்சியிலிருந்து வெற்றிக்குரிய வாகைக்கு நாள்தோறும் முன்னேறுகிறது. வேண்டாதது விலகுவதே பரிசாகி ஒரு செயலை வலுப்படுத்தும் இந்நிகழ்வு எதிர்மறை வலுவூட்டல் எனப்படும். உள்ளிருந்து வீட்டார் 'சும்மா இரு' என்று எழுப்பும் கூச்சல், துணைப்படை வந்துவிட்டது என்ற தெம்பையே தரும்; அழைப்புமணி ஒலித்ததும் தன் பாயில் சென்று படுத்தால் தின்பண்டம் என்று பழக்குவதே மாற்றுவழி. குரைக்கிற நாய் கடிக்காது என்னும் பழமொழியை நம்புவதற்கில்லை. உறுமல் கடிக்கு முந்தைய அறிவிப்பாதலின், அதனை அடித்து அடக்கினால் அறிவிப்பின்றிக் கடிக்கும் நாயே எஞ்சும். கடிபட்டால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும் என்பதில் எக்கட்சியாருக்கும் கருத்து வேறுபாடில்லை.

அடுத்துப் பிறர் மதம் மறுத்தல். நாய் தலைமையைக் கைப்பற்றத் துடிக்கிறது, அதனை மிரட்டி ஆளவேண்டும் என்னும் கட்சி, அடைப்பிலிருந்த ஓநாய்களைக் கண்டு ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் எழுதியதிலிருந்து கிளைத்தது. காட்டு ஓநாய்க்கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999-இல் விளக்கியபின் அக்கட்சி நிலைகுலைந்தது. சோபாவில் ஏறும் நாய் நாடுவது மெத்தையையே, அரியணையை அன்று.

எஞ்சியது பெருந்திணை, அதாவது பொருந்தா ஒழுக்கம்; இதற்குரியோர் வீட்டாரே. குட்டியாக இருந்தபோது கொஞ்சிய பாய்ச்சலுக்கே வளர்ந்தபின் அடிப்பதும், தம்முள் தமிழே பேசுவோர் நாயிடம் மட்டும் ஆங்கிலத்துக்கு மாறி, சோபாவிலிருந்து இறங்கவும் தரையில் படுக்கவும் 'டவுன்' என்ற ஒரே ஆணையிடுவதும் இதன்பாற்படும். திடீரென மாறிய நடத்தைக்கு நோவு காரணமாகலாம் என்பதால் அத்தகைய நாயை முதலில் மருத்துவரிடம் காட்டல் வேண்டும். ஏனைய கோளாறுகளுள் பெரும்பாலானவை, வீட்டார் தம்மையறியாமல் கூலி கொடுத்து வளர்த்தவையே. ஆதலின் பயிற்சியாளரை அழைக்கும் குடும்பம், அவர் வரும் வேளையில் நாய் உறங்கினாலும் எழுப்ப வேண்டியதில்லை. அப்பா வீட்டில் இருப்பதை உறுதிசெய்துகொண்டால் போதும்.