இண்டெக்ஸ் அண்ணாச்சி

வெப் பக்கம் கட்ட உதவும் ரியாக்ட் 2013-ல் வெளிவந்தது. இண்டெக்ஸ் அண்ணாச்சியும் அதே வருஷம்தான் அவதரித்திருக்க வேண்டும். ஓ.எம்.ஆரில் எந்த டீமில் போய் உட்கார்ந்தாலும் பக்கத்து சீட்டில் அவர் இருப்பார்.

பட்டியலைத் திரையில் காட்ட மேப் போட்டு ஓட்டுவார். 'ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி கீ எங்கே?' என்று கன்சோல் சிவப்பாகக் கத்தும். மேப் ஓசியில் தருகிற வரிசை எண்ணை, அதுதான் இண்டெக்ஸ், கீயாகச் செருகுவார். சத்தம் அடங்கும். டீக்குக் கிளம்பிவிடுவார். மாறாத பட்டியல் என்றால் இதில் குடி ஒன்றும் முழுகிவிடாது. ஆனால் எங்கள் ஆபீஸ் மதியச் சாப்பாட்டு ஆர்டர் பக்கத்தையும் அவரிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

ஆர்டருக்கு ஆர்டர் குறிப்பு எழுத ஒரு பெட்டி. முதல் வரியில் இருந்த என் சாம்பார் சாதத்துக்கு 'காரம் கம்மி' என்று அடித்தேன். அனுப்புவதற்குள் யாரோ பாயசம் கேட்க, அது பட்டியலின் தலையில் ஏறிக்கொண்டது. என் குறிப்பு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பாயசத்துக்குக் காரம் கம்மி. எனக்குக் கண்ணில் தண்ணீர்.

ரியாக்ட் கீயை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். முதல் வரியின் இண்டெக்ஸ் நேற்றும் பூஜ்யம், இன்றும் பூஜ்யம். அதே ஆள்தான் என்று பெட்டியை அப்படியே விட்டுவிட்டது. பந்தியின் தலையில் ஒருவரைப் புதிதாக உட்காரவைத்து, மற்றவர்களை ஓர் இலை தள்ளச் சொன்னதுபோல. நாம் கடித்த வடை அவர் இலையில்; பக்கத்துக்காரர் கடித்தது நம் இலையில்.

அண்ணாச்சியிடம் போனேன்.

"பாயசத்துல காரம் இருந்துச்சா ப்ரோ?"

"இல்ல."

"அப்புறம் எங்க பக்?"

மறுநாள் யார் பேச்சைக் கேட்டாரோ, இண்டெக்ஸை எடுத்துவிட்டு, வாய்க்கு வந்த எண்ணைத் தரும் மேத் ரேண்டம் போட்டார். பக்கத்தின் உச்சியில் 'ஆர்டர் முடிய இன்னும் இத்தனை நொடி' என்று ஒரு கடிகாரம் வேறு. அது ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் பட்டியல் முழுக்கப் புதுக் கீ. ரியாக்ட் பழைய பெட்டிகளைத் தூக்கிக் கடாசிவிட்டுப் புதுசு வைக்கும். 'கார' வரை அடித்திருப்போம், பெட்டி காலி. அன்றைக்கு எல்லாரும் வந்ததைத் தின்றோம்.

மூன்றாம் நாள் சாப்பாட்டின் பெயரே கீ. இரண்டு பேர் தயிர் சாதம் கேட்டதும் கன்சோல் மறுபடி சிவந்தது.

பொறுக்க முடியாமல் சர்வரிலிருந்து வருவதைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு ஆர்டரோடும் ஓர் ஐடி, முதல் நாளிலிருந்தே. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அது பேக்கெண்ட்காரங்களோடது ப்ரோ. நாம எதுக்கு அதுல கை வைக்கணும்?"