தூக்கிப் பார்த்து வாங்கிய பெட்டி

1999-ல் கம்ப்யூட்டர் என்றால் இரண்டு வகைதான். பிராண்டட் என்பது எச்.சி.எல்., காம்பேக் என்று நெற்றியில் பெயர் எழுதிக்கொண்டு வங்கிக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போவது. அசெம்பிள்டு என்பது ரிச்சி தெருவிலிருந்து ஆட்டோவில், மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருவது. பிராண்டட் வாங்க வக்கில்லாதவன்தான் அசெம்பிள்டு வாங்குவான் என்பது ஊரறிந்த விஷயம். விருந்தாளி வந்து "என்ன கம்பெனி?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவோம்.

இப்போது எல்லாம் தலைகீழ். பாகம் பாகமாகத் தேடி வாங்கி, தானே திருகு முடுக்கிப் பூட்டுகிறவன்தான் ரசிகன், ஞானஸ்தன். பூட்டிய பெட்டியை அப்படியே வாங்குகிறவனைப் பார்த்து "ப்ரீபில்ட்டா?" என்கிறார்கள், பரிதாபமாக. இரண்டு காலத்திலும் நான் பரிதாபத்துக்குரிய பக்கத்திலேயே நிற்கிறேன். அக்கா மகனுக்கு கேமிங் டெஸ்க்டாப் வேண்டுமாம். பட்ஜெட் ஒரு லட்சம். விசாரித்து வாங்கித் தரும் பொறுப்பு மாமாவுக்கு.

எனக்கு விசாரிக்கத் தெரிந்ததெல்லாம் ரிச்சி தெரு பாணிதான். அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்தில் ஆளும் வண்டியும் அட்டைப்பெட்டியும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போகும். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, அதன் பின்னால் ஓர் அண்ணன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கொட்டேஷன் எழுதுவார். செலரான் ப்ராசஸர், 64 எம்.பி. ரேம், 8.4 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், 15 அங்குல கலர் மானிட்டர், மல்டிமீடியா கிட். விண்டோஸ் 98 இலவசம். எப்படி இலவசம் என்று கேட்பது நாகரிகமில்லை. மொத்தம் 40,000 ரூபாயைத் தாண்டியது. அப்பா பி.எஃப். லோன் போட்டார்.

கேபினெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அண்ணன் செய்த காரியம்தான் இன்றுவரை எனக்குப் பாடம். இரண்டு எஸ்.எம்.பி.எஸ்., அதாவது பவர் சப்ளை, எடுத்து என் இரண்டு கையிலும் கொடுத்தார்.

"அண்ணே, ரெண்டுலயும் 250 வாட்டுன்னுதானே போட்டிருக்கு?"

"எழுதுறது யார் வேணா எழுதலாம் தம்பி. தூக்கிப் பாரு."

ஒன்று கனத்தது. மற்றது முற்றாத தேங்காய்போல் லேசாக இருந்தது. கனத்ததில் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் தடித்த அலுமினியத் தகடும் இருக்கும். லேசானதில் அந்த இடமெல்லாம் காற்று. எங்கள் தெருவில் சாயங்காலமானால் வோல்டேஜ் எந்த ஆட்டம் ஆடும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த எடையின் அருமை புரியும்.

அண்ணனிடமும் ஒரு ரகசியம் இருந்தது, கேட்டால் மட்டும் சொல்வார். கொட்டேஷனில் எல்லோரும் பார்ப்பது மெகாஹெர்ட்ஸ் எண்ணை. அதனால் காசு அங்கே போகும்; மதர்போர்டில் மிச்சம் பிடிப்பார்கள். அன்று செலரானோடு ஜோடி சேர்ந்து வந்தது பெரும்பாலும் இன்டெல் 810 சிப்செட் போர்டு. கிராஃபிக்ஸ் அதற்குள்ளேயே இருக்கும், தனி கார்டு வாங்கும் செலவு மிச்சம். ஆனால் 810 போர்டில் ஏ.ஜி.பி. ஸ்லாட்டே கிடையாது. பின்னாளில் காசு சேர்த்து ஒரு டி.என்.டி.2 கார்டு வாங்கினாலும் செருக இடமில்லை. ரோட் ராஷ் ஓடியது; அதற்கு மேல் ஆசைப்படாதவர்கள் சந்தோஷமாக வாழ்ந்தார்கள்.

இப்போது மருமகன் அனுப்பிய விளம்பரங்களுக்கு வருகிறேன். பெட்டியின் பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே ஆறு மின்விசிறி, ஒவ்வொன்றும் தீபாவளி. கண்ணாடி வழியாக எல்லாம் தெரிகிறது, ஒன்றைத் தவிர. பவர் சப்ளையை மட்டும் அடித்தளத்தில் தனியாக ஓர் உறை போட்டு மூடியிருக்கிறார்கள். விளம்பர வாசகத்திலும் அதே மரியாதை: ‘ஆர்.டி.எக்ஸ். 5060’ என்பது கொட்டை எழுத்தில். கீழே ‘600 வாட் பி.எஸ்.யூ.’ என்று மட்டும். கம்பெனி பெயர் இல்லை, மாடல் இல்லை. ஆர்.டி.எக்ஸ். 5060 கார்டு தனியாகவே 145 வாட் வரை இழுக்கும். மொத்த சிஸ்டத்துக்கு 550 வாட் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. 600 இருக்கிறதே, போதாதா என்றால், எழுதுறது யார் வேணா எழுதலாம் தம்பி. ஆன்லைனில் தூக்கிப் பார்க்கவும் வழியில்லை.

ரேம் கதையும் இப்படித்தான். 16 ஜி.பி., எங்கள் பழைய பெட்டியைப் போல் 256 மடங்கு. ஆனால் இரண்டு எட்டா, ஒற்றைப் பதினாறா என்று சொல்வதில்லை. ஒற்றை என்றால் ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே பாதை பாதியாகக் குறுகும். கேம் சில இடங்களில் விக்கும். ப்ராசஸர் ஐ5-12400எஃப். 2022-ல் வந்தது, ஆறு கோர், விளையாட இன்றும் போதும். அந்த வாலில் தொங்கும் ‘எஃப்’புக்கு அர்த்தம், உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது என்பது. கார்டு சர்வீசுக்குப் போனால் அது திரும்பி வரும்வரை மானிட்டரில் இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கார்டில் 8 ஜி.பி. நினைவகம். 1080பி மானிட்டருக்குப் பழுதில்லை. அதற்கு மேல் போனால் புதிய கேம்கள் சில அடம்பிடிக்கும். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றுக்கே 150 ஜி.பி. இடம் கேட்கிறார்கள். 1 டி.பி. எஸ்.எஸ்.டி. எத்தனை நாள் தாங்கும் என்பதை மருமகன் கணக்குப் போடட்டும்.

பெரிய பிராண்ட் பெட்டிகளில் வேறு ஒரு வினோதம். பல கம்பெனிகள் தங்களுக்கென்றே தனி அளவில் மதர்போர்டும், தனிப் பின் வைத்த பவர் சப்ளையும் போடுகின்றன. நாளைக்குப் பெரிய கார்டு போட வேண்டுமென்றால் சப்ளையை மாற்ற வேண்டும்; சப்ளையை மாற்றினால் போர்டு ஒத்துக்கொள்ளாது; போர்டை மாற்றினால் கேபினெட்டில் உட்காராது. 810 போர்டு இருபத்தைந்து ஆண்டு படித்துப் பட்டம் வாங்கி வந்திருக்கிறது.

அதையெல்லாம் விட அழகு, 20,000 ரூபாய்க்குள் கிடைக்கும் ‘ஐ7 கேமிங் பி.சி.’ ஏதோ ஆபீசில் ரிட்டயரான 2012-ஆம் ஆண்டு ஐ7, கூடவே 2014-ல் வந்த ஜி.டி. 730 கார்டு, சுற்றிலும் ஏழு வண்ண விளக்கு. மூன்றாம் தலைமுறை ஐ7-ஐ விடப் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 வேகமானது என்பதை அந்த விளக்கு வெளிச்சத்தில் யார் படிக்கப்போகிறார்கள்?

இவ்வளவும் சொல்லி, "பாகம் பாகமா வாங்கி நாமே பூட்டிடலாம்டா" என்று மருமகனிடம் ஆரம்பித்தேன். கார்டுக்கு மூன்று வருஷம், எஸ்.எஸ்.டி.க்கு ஐந்து வருஷம் என்று வாரண்டி தனித்தனியாகக் கிடைக்கும். பூட்டிய பெட்டிக்கு மொத்தமாக ஒரு வருஷம்தான் என்கிறார்கள் பல இடங்களில். அவன் போனில் ரேம் விலையைக் காட்டினான். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் சிப்பை எல்லாம் வாரிக்கொண்டு போக, டி.டி.ஆர்.5 விலை விண்ணுக்கு ஏறிவிட்டது. மைக்ரான் கம்பெனி, வீட்டு உபயோகத்துக்கு விற்றுவந்த க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. பழைய விலைக்கு ரேம் வாங்கி வைத்த கடைக்காரர் பூட்டிய பெட்டி, நாம் தனித்தனியாக வாங்குவதை விட மலிவு. ஏழைக்கு அசெம்பிள்டு என்ற சாஸ்திரமும் போயிற்று.

ஆகவே ப்ரீபில்ட்தான். ஆனால் பிராண்டட் அல்ல, கடையில் கிடைக்கும் சாதாரணப் பாகங்களைப் போட்டுப் பூட்டித் தருகிறவர்களிடம். ஒரு கடைக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்பினேன்: பி.எஸ்.யூ. என்ன கம்பெனி, ரேம் ஒன்றா இரண்டா, மதர்போர்டு மாடல் என்ன, பில்லில் ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் நம்பர் போடுவீர்களா? பதிலாக, விளக்குகள் பாட்டுக்கேற்ப நிறம் மாறும் வீடியோ ஒன்று வந்தது. அடுத்த கடை நான்குக்கும் பதில் எழுதியது. பில்லில் ஐயாயிரம் கூடுதல். அங்கேயே சொல்லிவிட்டேன். மருமகனுக்கு ஒரே வருத்தம், கேபினெட் வெள்ளையில் இல்லை.

மிச்சம் இருந்தது அக்கா. 1999-ல் அப்பாவிடம் நான் சொன்ன காரணம் ஒய்2கே. கோபோல் மொழி கற்றுக்கொண்டால் அமெரிக்கா கூப்பிடும் என்றேன். அந்தப் பெட்டியில் கோபோலும் ஏற்றியிருந்தேன். ரோட் ராஷ் போக மிஞ்சிய நேரத்தில் அதையும் திறந்ததுண்டு.

"டேய், லட்ச ரூபாய்க்கு விளையாட்டுச் சாமானாடா?" என்றாள் அக்கா.

மருமகன் இந்தக் காலத்துப் பிள்ளை. "ஆமாம்மா, கேமுக்குத்தான்" என்று அரிச்சந்திரனாக வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"இந்த கார்டுல ஏ.ஐ. கத்துக்கலாம்க்கா."

அக்கா முகம் தெளிந்தது. "அப்படியா? அப்ப அந்த ரேமோ என்னமோ சொன்னீங்களே, அதை ரெண்டு மடங்கா போட்டு வாங்கிடேன்."

இன்னொரு 16 ஜி.பி. இப்போது என்ன விலை என்று நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.