எல்லாருக்கும் 12 கிராம்

சாலி முறையில் ஹீமோகுளோபின் பார்த்த காலத்தில் என் கைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் 12 கிராம்தான். ஆள் வெளுத்துப்போய் வந்தால் 8. கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் 13. நோட்டைப் புரட்டினால் ஊரே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளோ என்று தோன்றும்.

முறை எளிதுதான். கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் அடிக்கோடு வரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் பிப்பெட்டால் 0.02 மில்லி இரத்தம். அமிலம் பட்டதும் சிவப்பு மாறிப் பழுப்பாகும். 10 நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கண்ணாடிக் குச்சியால் கலக்கி, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியோடு நிறம் சேருகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சேர்ந்த இடத்தில் கோட்டைப் படித்தால் வேலை முடிந்தது.

அந்த 10 நிமிடம் எனக்கு என்றைக்கும் 10 நிமிடமாக இருந்ததில்லை. டீ வந்துவிட்டால் அவசரம், அதோடு அரசியல் பேச்சும் வந்துவிட்டால் நிதானம். அவசரப்பட்டால் நிறம் முழுசாக மாறியிருக்காது, அளவு குறைத்துக் காட்டும். காட்டினால் என்ன? விடைதான் எனக்கு முன்பே தெரியுமே! முகத்தைப் பார்த்ததும் 12 என்று மனசில் விழுந்துவிடும். அதற்குத் தோதான நிறத்தைக் கண் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஒரு சொட்டு கூடிப்போனால்தான் சங்கடம், விட்ட தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது. அப்போது 12.4 என்று எழுதுவேன். தசமப் புள்ளி இருந்தால் நுணுக்கமான ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

படிக்கும்போதே நான் இப்படித்தான். வாய்மொழித் தேர்வில், "சிவப்பணு எங்கப்பா உற்பத்தியாகுது?" என்று கேட்டார் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர். கேள்வி முடியுமுன்பே, "கல்லீரல்ல சார்" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இன்னும் அம்மா வயித்துலதான் இருக்கியா?"

விஷயம் தெரிந்தவர் அடித்த அடி அது. கரு வளரும்போது இரத்த அணுக்கள் முதலில் கருவின் மஞ்சள்கருப் பையில் உண்டாகின்றன, பிறகு சில மாதம் கல்லீரலில். குழந்தை பிறப்பதற்குள் அந்த வேலை எலும்பு மஜ்ஜைக்குக் கைமாறிவிடும். வளர்ந்தவர்களுக்கு முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா, இடுப்பெலும்பு இவைதான் முக்கியமான உற்பத்தி இடங்கள். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றுக்கும் மூதாதை ஒரே மூல அணு. 1961-இல் டொராண்டோவில் டில், மெக்கல்லக் என்ற இருவர், கதிர்வீச்சு பட்ட எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையைச் செலுத்தி, மண்ணீரலில் முளைத்த முடிச்சுகளை எண்ணிப் பார்த்தார்கள். மூல அணு ஆராய்ச்சிக்கே அதுதான் அஸ்திவாரம். முடிச்சை ஒழுங்காக எண்ணியவர்களுக்கு அது கிடைத்தது. எண்ணத் தெரியாத எனக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

மஜ்ஜையில் வளரும் சிவப்பணு ஒரு கட்டத்தில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடும். முற்றிய பிறகு, நடுவில் விரலால் அழுத்தியும் ஓட்டை விழாத உளுந்துவடை மாதிரி இருக்கும். ஆயுள் சுமார் 120 நாள். மஜ்ஜையை விட்டுப் புதிதாக வந்த இளம் அணுக்களுக்கு ரெட்டிகுலோசைட் என்று பெயர். தனிச் சாயம் போட்டால் உள்ளே நீல வலை தெரியும். சாதாரணமாக நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். நான் ஒரு பெரியவருக்கு எண்ணினேன், நூற்றுக்குப் பத்துக்கு மேல் வந்தது. இந்த வயதில் மஜ்ஜை இப்படி வேலை செய்கிறதே என்று வியந்துபோய்ப் பக்கத்து மேஜை அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அக்கா ஃபோகஸைக் கொஞ்சம் திருகிவிட்டு, "சாயத்தை வடிகட்டினியாடா?" என்று மட்டும் கேட்டார். நான் எண்ணியதெல்லாம் சாயத்தின் கசடு.

ஸ்மியர் இழுப்பதும் எனக்கு வசப்படவில்லை. ஸ்லைடின் ஓரத்தில் ஒரு சின்னச் சொட்டு. இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டைத் தொட்டு, இரத்தம் விளிம்போடு பரவியதும், தயங்காமல் ஒரே தள்ளு. நாக்கு வடிவில் வந்து, வால் மெலிந்து முடிய வேண்டும். நான் நடுவில் தயங்குவேன், பட்டை பட்டையாக வரும். ஒருநாள் அபூர்வமாக நன்றாக வந்துவிட்டது. அதை நாலு பேர் பார்க்கட்டும் என்று ஜன்னலோரம் காயவைத்துவிட்டு, சாயம் போடாமல் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நடுநடுவே வழுக்கை. ஸ்மியரை ஈ தின்னும் என்று பாடத்தில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

லீஷ்மன் சாயத்தோடு சேர்க்கும் நீரின் பி.எச். 6.8 வாக்கில் இருக்க வேண்டும். பஃபர் தீர்ந்துபோன ஒரு நாளில், தண்ணீர் தண்ணீர்தானே என்று குழாயைத் திறந்தேன். வந்தது போர் தண்ணீர். காரம் ஏறி ஸ்லைடு முழுக்க நீலம் பூத்துவிட்டது. ஈசினோஃபிலை அடையாளம் காட்டுவதே அதன் ஆரஞ்சு நிறத் துகள்கள்தான், அந்த நீலத்தில் அவை எங்கே தெரிய? ஒவ்வாமையில் கூடுகிற அணு அது. கவுன்ட்டரில் விடாமல் தும்மிக்கொண்டு நின்றவருக்கு ஈசினோஃபில் 0 என்று ரிப்போர்ட் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு இன்னொரு முறை தும்மினார்.

வெள்ளையணுக்களை வகை பிரித்து 100 எண்ணுவதிலும் எனக்கென்று ஒரு வாய்ப்பாடு இருந்தது: 60, 35, 3, 2. ஒழுங்காக எண்ணினாலும் பெரிய துல்லியம் கிடைத்துவிடாது என்பது தனிக்கதை. நூறே அணுக்களை எண்ணி நியூட்ரோஃபில் 60 என்று வந்தால், உண்மையில் அது 50-ஆகவும் இருக்கலாம், 70-ஆகவும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். இதைப் படித்த அன்று எனக்குப் பாவமன்னிப்பே கிடைத்த மாதிரி இருந்தது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். "எண்ணுறவங்களுக்குத்தான்டா அந்தக் கணக்கு" என்றார்.

பிறகு மெஷின் வந்தது. மெல்லிய துவாரத்தின் வழியே அணுக்கள் ஒவ்வொன்றாகப் போகும்போது மின்தடை மாறுவதை வைத்து எண்ணுகிற சாதனம். வாலஸ் கோல்ட்டர் 1953-இல் காப்புரிமை வாங்கிய தத்துவம். அதற்கு முகம் பார்க்கத் தெரியாது, டீ குடிக்காது. அதுவரை கண்ணை விட்டு மனசை நம்பியவன், இப்போது இரண்டையும் விட்டுவிட்டு அச்சடித்த தாளை நம்பினேன்.

டெங்கு சீசன். காய்ச்சலோடு வந்த ஒரு பையனுக்குத் தட்டணு 40,000 என்று தாள் வந்தது. 1.5 லட்சத்துக்குக் கீழே போனாலே கவலைதான். ஸ்மியர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் ஒரே அழுகை. ராத்திரியே பப்பாளி இலையை அரைத்துச் சாறு கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலை அக்கா பழைய சாம்பிளிலிருந்து ஒரு ஸ்மியர் இழுத்து என்னைக் கூப்பிட்டார். வால் பகுதியில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஈ.டி.டி.ஏ., சிலரின் இரத்தத்தில் மட்டும் தட்டணுக்களை இப்படி ஒட்டவைத்துவிடும். மெஷின் ஒரு கொத்தைத் தட்டணு என்றே எடுத்துக்கொள்ளாது. சிட்ரேட் போட்ட நீல மூடிக் குழாயில் திரும்ப எடுத்தோம். 1.9 லட்சம்.

டாக்டர் அந்த வீட்டாரை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். முதல் கணக்கு தப்பு, பையனுக்குத் தட்டணு குறையவே இல்லை என்றார். பாட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் நேராக என்னிடம் வந்தார். "ஒரே ராத்திரியில ஒன்றரை லட்சம் ஏறிருச்சு பாத்தீங்களா தம்பி? கொழுந்து இலையா எடுக்கணும், காம்பு ஆகாது, தண்ணி ஊத்தாம அரைக்கணும். எழுதிக்குங்க."

ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.